வாங்குமுன் தட்டிப் பாருங்கள்

பழைய அடுக்குமாடி வீட்டை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். சீலிங்கில் இரண்டு இடத்தில் பூச்சு பெயர்ந்திருக்கும், பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். சந்தேகத்துக்கு இன்னொருவரைக் கூப்பிட்டால் அதைப்போல மூன்று மடங்கு சொல்வார். இருவரில் யார் யோக்கியர் என்று மண்டையைக் குடைந்துகொள்வதில் பயனில்லை. முதலாமவர் பூச்சுக்கு விலை சொல்லியிருப்பார். மற்றவர் அதற்குள் துருப்பிடித்துக் கிடக்கும் கம்பிக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இருவருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. ஆளின் நாணயத்தைத் தேடி அலைவதைவிட, பழுதை அளப்பவர் ஒருவர், சரிசெய்பவர் வேறொருவர் என்று பிரித்துவிடுவது நடைமுறைக்கு எளிது. மருந்துக்கடைக்காரரே நோயையும் சொன்னால் மருந்துச்சீட்டு நீளத்தானே செய்யும்?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சும்மா துருப்பிடிப்பதில்லை. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் கடுமையான காரத்தன்மை (பிஎச் 12.5க்கு மேல்) கம்பியின்மீது மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கரைத்துக்கொண்டே வரும். பிஎச் 9 அளவுக்கு இறங்கிய பகுதி கம்பியை எட்டிவிட்டால் படலம் போய்விடும். பிறகு ஈரமும் ஆக்சிஜனும் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. சென்னையின் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரங்களில் உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையும்வரைகூடக் காத்திருக்காது.

இதை அளக்கப் போகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது ரீபவுண்ட் ஹேமர். 1940களின் இறுதியில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியது. குழாய் வடிவக் கருவியைப் பூச்சு நீக்கிய கான்கிரீட்டில் அழுத்தினால், உள்ளே இருக்கும் எடை ஸ்பிரிங் விசையால் போய் மோதித் திரும்பும். எவ்வளவு தூரம் திரும்பியது என்பதை அளவுகோல் காட்டும். மேற்பரப்பு கெட்டியாக இருந்தால் எண் கூடும். ஓரிடத்தில் பல தடவை தட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இதில்தான் ஒரு வேடிக்கை. கரியமில வாயு நுழைந்த கான்கிரீட்டின் மேற்பரப்பு சுண்ணாம்புக்கல்லாகி முன்பைவிட இறுகிவிடும். கம்பியைக் காக்கும் வலுவை இழந்துவிட்ட பழைய கட்டடம் சுத்தியலிடம் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்! இந்தக் கருவியைக் கொண்டு வலிமையைக் கணிப்பதில் 25 சதவீதம்வரை கூடக்குறைய வரலாம் என்று இந்தியத் தரநிலையே சொல்கிறது. ஆகவே புதிதாகக் கொத்திய இடத்தில் ஃபினால்ப்தலின் கரைசலைத் தெளிக்க வேண்டும். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் போர்வையை (கவர்) தாண்டிவிட்டதா என்பதே பார்க்க வேண்டியது. கடுமையில்லாத சூழலில் உள்ள ஸ்லாபுக்குக் கவர் பொதுவாக 20 மில்லிமீட்டர்தான். தூண், பீம்களில் அல்ட்ராசவுண்ட் அலையைச் செலுத்தியும் பார்ப்பார்கள். அலையின் வேகம் குறைவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அனுபவமுள்ள மேஸ்திரி தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாரே என்பார்கள். உண்மைதான், பொள்ளல் சத்தத்தைக் கேட்டுப் பிரிந்துபோன இடத்தைக் கண்டுபிடிப்பது பொறியாளர்களும் மதிக்கும் முறை. ஆனால் இன்னும் பிரியாத, நான்கைந்து வருடத்தில் பிரியப்போகிற இடம் காதுக்கு எட்டாது. வங்கிப் பொறியாளர் பார்த்துவிட்டார் என்ற ஆறுதலும் போதாது. கடனுக்கு ஈடாகுமா என்பதே அவருடைய முதல் கவலை. கொத்த விடமாட்டேன் என்று விற்பவர் தடுக்கலாம். ஒரே நாளில் பூசி மூடக்கூடிய சின்னச் சின்னக் குழிகளுக்கே மறுக்கிறார் என்றால் பேரத்தில் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தூண்களும் மொட்டைமாடியும் பொதுச் சொத்து என்பதால் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதியும் தேவைப்படும். அவர்களோடு பேசும்போதே, பொதுப் பழுதுக்குப் பணம் போட மற்ற வீட்டுக்காரர்கள் தயாரா என்பதும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் சோதனை முடிவுக்குச் சமமான தகவல் அது.

சந்தை விலை கான்ட்ராக்டருக்குத்தான் தெரியும், பொறியாளருக்குத் தெரியாது என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் அளவைப் பொறியாளரிடமும் விலையைக் கான்ட்ராக்டரிடமும் கேட்கச் சொல்கிறேன். எத்தனை சதுர அடி கொத்த வேண்டும், கம்பிக்குப் பின்னால் எவ்வளவு ஆழம், துரு நீக்கியபின் என்ன பூச்சு, எங்கே புதுக் கம்பி என்று பொறியாளர் எழுதிக் கொடுக்கும் ஒரே பட்டியலுக்கு மூன்று பேரிடம் விலை வாங்கினால்தான் ஒப்பிட முடியும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உடைத்த பிறகே தெரியும் பழுதும் உண்டு. எனவே மொத்தத் தொகைக்குப் பேசாமல், செய்த வேலையை அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தமே நல்லது.

இவை எல்லாம் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன் நடக்க வேண்டும். தனக்குத் தெரிந்த பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடிக்கக்கூடிய குறைக்கு அந்தக் கடமை பொருந்தாது. பெயர்ந்து தொங்கும் சீலிங் யார் கண்ணுக்கும் தெரியும்.