அன்னங்களின் ஒப்பனை அறையில்

வாங்க, வாங்க, திரை ஏறுவதற்குள் ஓடி வாங்க! லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கின் மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கப்போகிறோம். வெற்று மார்போடு நிற்கும் இளைஞர் கூட்டம் உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்கிறது. நெற்றியிலிருந்து மூக்கை நோக்கி இறங்கும் ஒரு கறுப்புப் பட்டை, அதுதான் அலகு. காலில் எதுவும் இல்லை. இடுப்புக்குக் கீழே, கீறிக் கீறி அடுக்கிய வெள்ளைப் பட்டில் ஒரு காற்சட்டை. நின்றால் இறகு, சுழன்றால் புயல்! இதை வடிவமைத்த லெஸ் பிரதர்ஸ்டனுக்கு ஆயிரம் முத்தம் கொடுக்கலாம்.

இவர்கள்தான் நடன இயக்குநர் மேத்யூ போர்னின் 'ஸ்வான் லேக்' பாலேயில் வரும் அன்னங்கள். பாலே என்றாலே வெள்ளைப் பாவாடையும் விரல்நுனியில் நிற்கும் பெண்களும்தானே நினைவுக்கு வரும்? 1995 நவம்பரில் இதே அரங்கில் அந்தப் பெண்களின் இடத்தில் ஆண்களை இறக்கினார் மேத்யூ. நிஜ அன்னத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அவர் செய்தது புரியும். அது சாதுவே கிடையாது. அகலச் சிறகு, முறுக்கேறிய உடம்பு, சீறும் குணம். அதனால் இங்கே அன்னங்கள் சீறுகின்றன, மூச்சிரைக்கின்றன, வெறுங்காலால் தரையை அறைகின்றன. முன்வரிசைக்காரர்களுக்கு இசையோடு அந்த மூச்சும் சேர்ந்தே கேட்கும். பறவைகள் மனிதர்களைத் தாக்கும் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படமும் அவர் மனதில் இருந்ததாம். நான்காம் அங்கத்தைப் பார்த்தால் நம்புவீர்கள்!

இதைச் செய்தவர் 22 வயதில்தான் முறையாக நடனம் படிக்கப் போனவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. சிறுவயதில் அரங்கு வாசல்களில் நின்று நட்சத்திரங்களிடம் கையெழுத்து வாங்கியவர் அவர்.

சரி, காதலுக்கு வருவோம். அன்பு காட்டத் தெரியாத ஒரு ராணி, அந்த அன்புக்கு ஏங்கும் இளவரசன். சின்ன வயதில் அவன் கட்டிக்கொண்டு தூங்கியது ஒரு பொம்மை அன்னத்தை. வளர்ந்தபின் ஓர் இரவு, உயிரை விடுவதற்காகப் பூங்கா ஏரிக்கரைக்கு வருகிறான். அங்கேதான் அன்னக் கூட்டத்தின் தலைவனான அந்த அன்னம் வெளிப்படுகிறது. முதலில் விரட்டுகிறது, பிறகு அளந்து பார்க்கிறது. கழுத்தோரம் முகம் தேய்க்கிறது. ஒரு கட்டத்தில் அவனைத் தூக்கிச் சுமக்கிறது. ஒரு சொல் கிடையாது, ஒரு முத்தம் கிடையாது. ஆணுக்கு ஆண்மேல் வரும் காதலை இவ்வளவு வெளிச்சமாகச் சொன்ன மேடைக்காட்சி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. முதன்முதலில் அன்னமாக ஆடியவர் ராயல் பாலேயின் ஆடம் கூப்பர், இளவரசனாக ஸ்காட் ஆம்ப்ளர்.

இப்போது இடைவேளை. ஒப்பனை அறையில் ஒரே களேபரம்! அன்னமாக ஆடியவர் வெள்ளைப் பூச்சைக் கழுவித் துடைத்துவிட்டு, கறுப்புத் தோல் காற்சட்டைக்குள் நுழைந்தாக வேண்டும். அடுத்த அங்கத்தில் ராணியின் விருந்துக்குள் அந்நியனாக வந்து, ராணி உட்பட கண்ணில் பட்டவர்களையெல்லாம் மயக்கப்போகிறவர் இதே ஆள்தான். பழைய பாலேயிலும் வெள்ளை அன்னமும் கறுப்பு அன்னமும் ஒரே நடனமணிதான், அந்த மரபை மேத்யூ விடவில்லை. பாவம் இளவரசன்! இது தன் அன்னமா, அதே முகமுள்ள வேறொருவனா என்று தவிக்கிறான். அது முடிந்ததும் ஆட்டக்காரருக்கு மறுபடியும் வெள்ளைப் பூச்சு, மறுபடியும் பட்டு இறகு. கடைசி அங்கத்தில் இளவரசனின் பிரம்மாண்டக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக அன்னங்கள் ஊர்ந்து வருகின்றன. மனிதனை நேசித்ததற்காகத் தங்கள் தலைவனையே கொத்துகின்றன. இரண்டு காதலர்களும் சாகிறார்கள். ஒவ்வொரு முறையும் அழுகிறேன்!

இசை அமைத்த சைக்காவ்ஸ்கியும் ஆண்களை நேசித்தவர். மூல 'ஸ்வான் லேக்' 1877-இல் மாஸ்கோவில் அரங்கேறியது. அதே ஆண்டில்தான் அவர் ஒரு பெண்ணை மணந்து, சில வாரங்களிலேயே அவரை விட்டு ஓடினார். இதைத் தெரிந்துகொண்டு ஏரிக்காட்சியைக் கேளுங்கள், ஓபோ குழலின் இசை இன்னும் ஆழமாக இறங்கும்.

மேத்யூவின் ஆட்டத்தை ஆரம்ப நாட்களில் பார்க்க வந்து பாதியிலேயே எழுந்து போனவர்களும் உண்டு. ஆனால் ஆட்டம் லண்டன் வெஸ்ட் எண்டுக்குப் போனது, பிராட்வேக்குப் போனது, 1999-இல் மூன்று டோனி விருதுகளைத் தட்டியது. 'பில்லி எலியட்' படத்தின் முடிவில் மேடைமேல் பாய்கிறாரே வளர்ந்த பில்லி? அவர் நம் ஆடம் கூப்பர்தான், அந்த வேடமும் இதே அன்னம்தான்!

1996 தொடங்கி இந்த ஆட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை படமாக்கியிருக்கிறார்கள். தேடிப் பிடித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் 'ஆணும் ஆணுமா?' என்று இழுத்தால், ஏரிக்காட்சி முடியும்வரை பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள்.