ஆமை புகுந்த அடுக்குமாடி

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமீனா என்பவர், கடனைத் திருப்பித் தராதவர் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய நீதிமன்றம் அனுப்பும் ஊழியர். அவர் வந்து போனால் வீட்டில் பாத்திரம் பண்டம் மிஞ்சாது. அது சரி, பாவம், ஆமை என்ன செய்தது?

இப்போது காற்று மாறி வீசுகிறது. அதே ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லி விற்கிறார்கள். விஞ்ஞானத்தின் கண்ணுக்கு இரண்டு நம்பிக்கையும் ஒன்றுதான். ஆனால் ஆமை புகுந்த வீட்டில் சங்கடங்கள் வருவது என்னவோ உண்மை. அவற்றில் பெரும்பங்கு ஆமைக்கு வருபவை!

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, பிறந்தநாளுக்காக மாமா அவனுக்குக் கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையிலிருந்து ஆமைக்குஞ்சு வாங்கித் தந்தார். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் குஞ்சு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் இரு பக்கமும் குங்குமம் தீட்டியது போலச் சிவப்புக் கோடு. "இவ்வளவுதான் வளரும் சார்" என்றார் கடைக்காரர். இன்று அது அவன் உள்ளங்கையைவிடப் பெரிது. பால்கனியில் துவைக்கும் டப்பில் நீந்துகிறது. கீழ் வீட்டுக்காரர் நாற்றம் என்று புகார் சொல்ல, அறிவிப்புப் பலகையில் சங்கச் செயலாளரின் கடிதம் தொங்குகிறது: "குடியிருப்பில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு வாரத்தில் அகற்றவும்."

பையன் இரவெல்லாம் யோசிக்கிறான். அம்பத்தூர் ஏரி அருகில்தான் இருக்கிறது. சற்றுத் தள்ளி ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி. விடியற்காலையில் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டால்? ஆமை விடுதலை பெறும், செயலாளரும் மகிழ்வார். நீங்கள் அவனாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். முதலில் அந்த ஆமை யார் என்று பார்ப்போம்.

அதன் பெயர் சிவப்புக்காது ஆமை. விலங்கியல் பெயர் டிராக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். சொந்த ஊர் கொளத்தூர் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. பொரிந்து வெளிவரும்போது 3 சென்டிமீட்டர் நீளம். வளர்ந்த பெண் ஆமை 25 சென்டிமீட்டரைத் தாண்டும், சில 30 வரை போகும். அதாவது சாப்பாட்டுத் தட்டின் அளவு. ஆண் சற்றுச் சிறியது. நன்கு பேணினால் 30 ஆண்டுகள் வாழக்கூடியது. ஐந்தாம் வகுப்பில் வாங்கிய ஆமை, அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்குப் போகும்போதும் தொட்டியில் இருக்கும்! (குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த மண்ணின் வெப்பமே முடிவு செய்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. 26 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஆண் குஞ்சுகள். 31 டிகிரியில் பெண் குஞ்சுகள்.)

இனி, அடுக்குமாடி வாழ்க்கை அதற்கு ஒத்துவருமா என்று பார்ப்போம். ஊர்வன நம்மைப்போல உடம்புக்குள்ளேயே வெப்பம் உண்டாக்கி ஒரே நிலையில் வைத்துக்கொள்ள மாட்டா. சூடு வேண்டுமானால் வெயிலுக்குப் போகும். போதும் என்றால் நிழலுக்கோ தண்ணீருக்கோ திரும்பும். ஆகவே ஓர் ஊர்வனவுக்கு வெயிலும் நிழலும் இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பால்கனி டப்பில் இது நடக்காது. சித்திரை வெயில் நேராக விழுந்தால் டப்பில் உள்ள கொஞ்சத் தண்ணீர் மளமளவென்று சுடும்; ஆமைக்கு ஓட இடமில்லை. நம் ஊரில் தொட்டி ஆமைக்குக் குளிரைவிட வெயிலே பெரிய எமன்.

"அப்படியானால் கூடத்தில், ஜன்னலோரம் வைத்துவிடலாமே, கண்ணாடி வழியாக வெயில் வருமே" என்பீர்கள். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டல்லவா? அவற்றில் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள பகுதி தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி உருவாகும். அந்த வைட்டமின் இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விடும். இந்தக் கதிரை மட்டும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆமை வெயில் காய்வது போலத் தெரியும், ஆனால் ஓடு மெல்ல மெல்ல இளகும், வளையும். ஓடு என்பது ஆமை போட்டுக்கொண்ட சட்டை அல்ல. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து அமைந்த எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. ஓடு இளகுவதும் எலும்பு இளகுவதும் ஒன்றே. இதற்கெனத் தனி விளக்குகள் இருக்கின்றன. அவையும் நாளடைவில் கதிர் குன்றிவிடும். வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டே இருப்பதால் வீட்டார் ஏமாந்து போவார்கள்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆமைக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் 50 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நிரப்புகிறோம். எத்தனை லிட்டர்? 360. எடை 360 கிலோ. தொட்டியின் அடிப்பரப்பு 0.72 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 500 கிலோ பாரம். வீட்டு அறையின் தளத்தை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் பொறியாளர்கள் கணக்கில் கொள்வார்கள். தளம் முழுவதும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால் தொட்டி வைத்த மறுகணமே இடிந்து விழாது. ஆனாலும் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக்கூடிய பொருளல்ல இது. அந்த 360 லிட்டரில் ஒரு பகுதியை வாராவாரம் மாற்றவும் வேண்டும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்துநின்றதை உங்கள் வீட்டில் கேளுங்கள். அப்படிப்பட்ட நாளில் ஆமைத் தொட்டியை நிரப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்கும்? செயலாளரை வில்லனாகவே பார்க்கவேண்டியதில்லை என்பது என் கட்சி.

நோய்ப் பயமும் வெறும் சாக்கு அல்ல. சால்மோனெல்லா என்ற நுண்ணுயிர் ஆமையின் குடலில் அதற்குத் தொல்லை தராமல் குடியிருக்கும். நம் வயிற்றுக்குள் போனால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்து அதிகம். குட்டி ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோயுற்றதால், அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு, ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்காக விற்கக் கூடாது என்று தடை வந்தது. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கழுவாதீர்கள்.

உள்நாட்டில் தடை வந்ததும் பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? வெளிநாடுகளுக்கு ஏற்றினார்கள். 1989 முதல் 1997 வரையில் மட்டும் சுமார் 5 கோடியே 20 லட்சம் சிவப்புக்காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் போயின. நான்கு ஆமை வீரர்கள் சண்டை போடும் கேலிச்சித்திரத் தொடர் ஒன்று அப்போது உலகெங்கும் பிள்ளைகளை ஆமைப் பித்தர்களாக்கியிருந்தது. குஞ்சுகள் வளர்ந்தன. தொட்டி போதவில்லை. பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம்: பாரிஸிலும் டோக்கியோவிலும் நம் அம்பத்தூர்ப் பையன் நினைத்ததையே எல்லோரும் செய்தார்கள். விடியற்காலை, அருகில் ஒரு குளம், யாருக்கும் தெரியாமல் ஒரு 'தொபுக்'.

ஐரோப்பியக் குள ஆமையையும் இந்த அமெரிக்க ஆமையையும் ஒரே குளத்தில் விட்டுப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வெயில் காய்வதற்கு நல்ல கட்டைகளை விருந்தாளி பிடித்துக்கொண்டது. உள்ளூர் ஆமை ஒதுங்கியது, எடை குறைந்தது, அதிகமாக இறந்தது. வெயில் என்பது ஆமைக்குச் சோறு போல என்று மேலே பார்த்தோமே, அதை நினைத்துக்கொண்டால் இதன் கொடுமை புரியும். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் சிவப்புக்காது ஆமையும் உண்டு. தொலைவில் நடந்த கதை என்று எண்ண வேண்டாம். 2018இல் கேரளத்தில் திருச்சூரை ஒட்டிய கால்வாய் ஒன்றிலேயே இது காணப்பட்டது.

நமது ஏரிகளில் பாலாமையும் கறுப்பு ஆமையும் வாழ்கின்றன. செத்த மீனையும் நத்தையையும் தின்று நீரைத் துப்புரவாக்கும் தோட்டிகள் அவை. தென்னாட்டில் சில வீடுகளில் கிணற்றுக்குள் ஆமை விடும் வழக்கம் இருந்தது இதனால்தான். வீடுகள் சூழச் சுருங்கிப்போன ஏரியில் காயும் கரைக்கும் தின்னும் நத்தைக்கும் போட்டிக்கு ஒரு மிசிசிப்பிக்காரனை அனுப்புவது நியாயமா?

சட்டத்தைப் பற்றியும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் இந்திய விலங்குகள் நல வாரியம் தந்த வழிகாட்டுக் குறிப்புகளின்படி, பெரும்பான்மை வாக்கெடுத்தும்கூட ஒரு குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. (அந்த வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் பிறந்தது; 2018 வரை அதன் தலைமையகம் நம் சென்னையிலேயே இருந்தது.) ஆனால் அந்தக் குறிப்புகள் நாய்களை மனத்தில் வைத்து எழுதியவை. ஊர்வன வளர்ப்போர் பார்க்க வேண்டிய சட்டம் வேறு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நட்சத்திர ஆமை, பாலாமை, உடும்பு, நம் நாட்டுப் பாம்புகள் ஆகியவற்றை வீட்டில் வைப்பது குற்றம். சங்கம் சம்மதித்தாலும் குற்றமே. அழகான ஓடே நட்சத்திர ஆமைக்கு வினையாயிற்று. கடத்தல் பெருகியதால் 2019இல் உலக நாடுகள் அதன் வாணிபத்தை அடியோடு தடுக்கும் பட்டியலில் சேர்த்தன. பந்து மலைப்பாம்பு, பச்சை இகுவானா போன்ற வெளிநாட்டு ஊர்வனவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. சிவப்புக்காது ஆமை நம் நாட்டு உயிரினம் அல்ல. அதனால் நம் காட்டுயிர்களுக்குள்ள அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. கடைகளில் அது மீனோடு மீனாகத் தொட்டியில் கிடந்த காரணம் இதுவே.

நம் பையனிடம் திரும்புவோம். ஏரி கூடாது. அவன் செய்யக்கூடியது, அப்பாவை அழைத்துக்கொண்டு செயலாளரைப் பார்த்து உண்மையைச் சொல்லி அவகாசம் கேட்பது. ஒரு வாரத்தில் நல்ல இடம் கிடைக்காது. இரண்டு மூன்று மாதம் கேட்கலாம். நாற்றம்தான் புகார் என்றால் அன்றாடம் தண்ணீரை மாற்றி, தீனியைத் தனிப் பாத்திரத்துத் தண்ணீரில் வைத்து ஊட்டினால் பாதி குறையும். (ஆமை நீருக்குள் இருந்துதான் விழுங்கும்; தரையில் தீனி வைத்துப் பயனில்லை.) காலையில் அரைமணி நேரம் மொட்டை மாடியில் பாதி நிழலுள்ள தொட்டியில் வெயில் காட்ட அனுமதி கேட்கலாம், காகம் வரும், பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்கிடையில், மதில் சூழ்ந்த தோட்டத்தில் வெளியேற முடியாத சிமெண்டுக் குட்டை வைத்திருக்கும் உறவினரைத் தேடலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வனத்துறை அலுவலகத்திலும் யோசனை கேட்கலாம். எங்கும் இடம் கிடைக்காவிட்டால் அந்த ஆமை அவன் பொறுப்பு. சங்கக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு வேண்டும்.

ஊர்வனமீது ஆசை, ஆனால் வாங்கவும் கூடாது என்றால்? கிண்டியில் 1972 முதல் பாம்புப் பண்ணை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில் உலகின் பல நாட்டு முதலைகளோடு ஆமைகளையும் காணலாம். பூந்தமல்லியிலிருந்து புறப்பட்டாலும் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

அதற்கும் முன்னால், எந்தச் செயலாளரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஓர் ஊர்வன உங்கள் வீட்டுச் சுவரிலேயே குடியிருக்கிறது. பல்லிக்கு வாடகை இல்லை, தொட்டி இல்லை, தனி விளக்கும் இல்லை. நம் குழல்விளக்கே அதன் சாப்பாட்டு மேசை. இமை மூடத் தெரியாததால் நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அறுந்த வால் மீண்டும் வளரும். ஆனால் உள்ளே முள்ளெலும்பு இராது, குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். விரலடியில் உள்ள நுண்மயிர்களுக்கும் சுவருக்கும் இடையே மூலக்கூறுகளின் ஈர்ப்பு வேலை செய்வதால்தான் அது கூரையில் தலைகீழாக ஓடுகிறது. பசை கிடையாது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2002இல் மெய்ப்பித்தார்கள்.

இன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு விளக்கருகே உட்காருங்கள். முதல் பல்லி எத்தனை மணிக்கு வருகிறது, இரண்டாவது வந்ததும் முதலாவது என்ன செய்கிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பூச்சி என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அறிவிப்புப் பலகைக் கடிதம் அதற்குத் தெரிய வேண்டாம்.