கொல்லையில் ஒரு மீன்குளம்

நுழையும்முன்

காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் கடைமடையில் மக்களின் வாழ்வு நீரைச் சார்ந்தே அமைகிறது. வீட்டுக் கொல்லையில் சிறு குளம் வெட்டி மீன் வளர்க்கத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியதும் நீரின் இயல்பையே. அதன் முறைகளையும் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கடைமடை நிலம்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்று. மூன்று புறமும் தமிழ்நாட்டு நிலம் சூழ, கிழக்கே வங்கக் கடலை எல்லையாகக் கொண்டது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயன் ஆறு முதலியன இந்நிலத்தின் ஊடே ஓடுகின்றன. மேட்டூர் அணை சூன் திங்களில் திறக்கப்பட்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள்கள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் வயல்கள் மூழ்கும் அளவிற்கு மழை பொழியும். சித்திரை, வைகாசியில் நிலம் வெடித்துக் கிடக்கும்.

மிகுதியும் குறைவும் மாறிமாறி வரும் இந்நிலத்தில் முன்னோர் குளங்களை வெட்டி நீரைத் தேக்கினர். திருநள்ளாற்று நள தீர்த்தமும் காரைக்கால் அம்மையார் கோயிலைச் சார்ந்த சந்திர தீர்த்தமும் அம்மரபை இன்றும் நினைவூட்டுகின்றன. கொல்லைக் குளம் அம்மரபின் மிகச் சிறிய வடிவம். வீட்டுக்கு மீனும் தோட்டத்திற்கு வளமான நீரும் தருவது அதன் பயன்.

இடமும் நீரும்

தொடக்கநிலையில் ஒரு சென்ட் பரப்பே போதுமானது. டெல்டாப் பகுதியின் பழைய கணக்கில் இது ஏறத்தாழ மூன்று குழி. மீட்டர் அளவில் 40 சதுர மீட்டர். நீரின் ஆழம் ஒன்றரை மீட்டர் இருத்தல் நன்று. ஆழம் மிகக் குறைந்தால் கோடையில் நீர் சூடேறும். மிக அதிகமானால் அடித்தளத்திற்கு வெயில் எட்டாது. களிமண் நீரைத் தாங்கி நிற்கும்; மணற்பாங்கான இடத்தில் நீர் கசிந்து இறங்கிவிடும். மரநிழல் அடர்ந்த இடம் குளத்திற்கு ஏற்றதன்று. உதிரும் இலைகள் நீரில் அழுகுவதுடன், வெயிலும் தடைப்படும்.

கடலோரம் என்பதால் இங்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை தேவை. கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீரில் உவர்ப்பு மிகக்கூடும். வளர்க்க எடுத்துக்கொள்ளும் கெண்டை மீன்கள் நன்னீருக்கு உரியவை. ஆதலால் குளம் வெட்டுவதற்கு முன்பே நீரையும் மண்ணையும் ஆய்வு செய்துகொள்ள வேண்டும். காரைக்கால் மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும், அண்டையிலுள்ள நாகப்பட்டினத்தில் 2012ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும் இத்துறை அறிவுக்கு அருகில் உள்ள வாயில்கள்.

நீரைப் பக்குவப்படுத்துதல்

குளம் வெட்டிய மறுநாளே மீன்குஞ்சு விடுவது புதியவர் பலர் செய்யும் பிழை. முதலில் ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். மண்ணின் கார அமிலத் தன்மைக்கேற்ப இவ்வளவு கூடும், குறையும். ஒரு வாரம் கழித்து 8 முதல் 10 கிலோ சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களில் நீர் மெல்லப் பச்சை நிறம் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளும் அவற்றை உண்ணும் நுண்ணுயிரிகளும் பெருகுவதே இந்நிறத்திற்குக் காரணம். மீன்குஞ்சுகளின் முதல் உணவு இம்மிதவை உயிரிகளே.

பச்சையின் அளவை அறியக் கருவி தேவையில்லை. முழங்கை வரை கையை நீரில் அமிழ்த்தும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நீர் பக்குவமாயிற்று எனலாம். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. அப்போது உரமிடுவதை நிறுத்த வேண்டும்.

மூன்று மீன்கள், மூன்று தளங்கள்

கட்லா மேற்பரப்பிலும் ரோகு நடுப்பகுதியிலும் மிர்கால் அடித்தளத்திலும் இரை தேடும். ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பது குறைவு என்பதால் இம்மூன்றையும் சேர்த்து வளர்ப்பர். இதனைக் கூட்டு மீன் வளர்ப்பு என்பர். ஒரு சென்ட் குளத்திற்கு 30 விரலளவுக் குஞ்சுகள் போதும். அவற்றுள் கட்லா 12, ரோகு 9, மிர்கால் 9 எனப் பகுத்துக்கொள்ளலாம்.

குஞ்சுகள் ஆக்சிஜன் அடைத்த நெகிழிப் பைகளில் வந்து சேரும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டால் இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். பின்னர்க் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துக் குஞ்சுகளைத் தாமே நீந்தி வெளியேற விட வேண்டும்.

| தெரிந்து தெளிவோம் |
| கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்து நீரில் இயல்பாக இனப்பெருக்கம் செய்வதில்லை. முற்காலத்தில் வெள்ளக் காலத்தில் ஆறுகளிலிருந்தே குஞ்சுகளைச் சேகரித்தனர். ஹீராலால் சௌத்ரி, கே. எச். அலிகுஞ்சி ஆகிய அறிவியலாளர்கள் 1957 சூலை 10 அன்று ஒடிசாவில், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டை மீன்களை இனப்பெருக்கம் செய்யவைத்தனர். அந்நாளே தேசிய மீன் உழவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. |

விடியற்காலை ஆபத்து

முப்பது குஞ்சுகளும் சராசரியாக 50 கிராம் எடை அடைந்த நிலையில் மொத்த எடை ஒன்றரைக் கிலோ. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 45 கிராம் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீவனம் ஒரு நாளைக்குப் போதும். இது ஒரு கைப்பிடி அளவே. மீன்கள் நன்கு வளர வேண்டும் என்னும் ஆசையில் சிலர் கூடை கூடையாகத் தீவனம் கொட்டுவர். அந்த அன்பே மீன்களுக்குப் பகையாகும்.

பகலில் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அப்பணி நின்றுவிடுகிறது. பாசி, மீன், பாக்டீரியா அனைத்தும் ஆக்சிஜனைச் செலவிட மட்டுமே செய்கின்றன. உண்ணாமல் எஞ்சிய தீவனம் அடியில் அழுகும்போது செலவு மேலும் பெருகுகிறது. ஆதலால் விடியலுக்குச் சற்று முன்னரே நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் தொடர்ந்து மூடியிருந்தால் பகல் வரவும் சுருங்கிவிடும். முதல்நாள் மாலை துள்ளி விளையாடிய மீன்கள் அனைத்தும் மறுநாள் காலை செத்து மிதப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அதிகாலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவது இதற்கு முன்னறிவிப்பு. அதைக் கண்டவுடன் தீவனத்தையும் உரத்தையும் நிறுத்தி, புதுநீரை உயரத்திலிருந்து சிதறி விழுமாறு பாய்ச்ச வேண்டும். நீரைக் கோலால் அடித்துக் கலக்குவதும் உதவும். நாள்தோறும் தீவனத்தைத் தட்டில் வைத்துக் குறித்த இடத்தில் இறக்கி, இரண்டு மணி நேரத்திற்குப் பின் தூக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். மிச்சமிருந்தால் மறுநாள் அளவைக் குறைத்தல் வேண்டும்.

கரையும் காவலும்

2018 நவம்பரில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலைப் போன்ற பேரிடர்களை இக்கடற்கரை அறியும். பெருமழையில் நீர் வழிந்தால் மீன்களும் உடன் செல்லும். கரையை உயர்த்துவதும், நீர் வெளியேறும் வழியில் வலை கட்டுவதும் மழைக்கு முன்பே முடிக்க வேண்டிய பணிகள். இந்திய அரசு தடைசெய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை எக்காரணம் கொண்டும் வளர்க்கலாகாது. வெள்ளத்தில் தப்பி ஆற்றை அடைந்தால் அது நாட்டு மீன்களை இரையாக்கிவிடும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது குழந்தைகளின் பாதுகாப்பு. ஒன்றரை மீட்டர் ஆழம் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். வேலியும் பூட்டும் அமைத்த பின்னரே குளத்தில் நீர் நிரப்ப வேண்டும்.

அறுவடை

ஆற்றில் நீர் வரும் ஆடித் திங்களையொட்டிக் குஞ்சு விட்டால், கோடையில் நீர் வற்றுமுன் மீன்களைப் பிடிக்கத் தொடங்கலாம். ஒரே நாளில் முழுவதும் பிடிக்காமல், பெரியவற்றை அவ்வப்போது எடுத்தால் எஞ்சியவை வளர இடம் கிடைக்கும். அடியில் படிந்த வண்டல் தென்னைக்கும் வாழைக்கும் உரமாகும்.

முதலாண்டில் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை பெரிதாக இராது. எனினும் நீரின் நிறத்தையும் வானத்தின் நிலையையும் விடியற்காலை மீனின் அசைவையும் ஒருசேரப் பார்த்தறியும் பழக்கம் அவ்வாண்டில் வாய்க்கும். நீரைப் பேணக் கற்றவரின் குளத்தில் மீன் தானே வளரும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியிலுள்ள குளம் ஒன்றின் நீரை அதிகாலையிலும் நண்பகலிலும் கரையிலிருந்தே உற்றுநோக்கி, வேறுபாடுகளைக் குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.
2. இரண்டு சென்ட் குளத்திற்குத் தேவையான சுண்ணாம்பு, மீன்குஞ்சுகள் ஆகியவற்றின் அளவைக் கணக்கிடுக.