கதை எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும்?

கோலாலம்பூர் கேஎல்சிசியில் உள்ள கினொகுனியா புத்தகக் கடையின் மங்கா அடுக்குகளுக்கு முன்னால் வார இறுதிகளில் இளையோர் கூட்டம் குறைவதில்லை. ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா விழாவிற்கு, பிடித்த கதாபாத்திரத்தைப் போல உடையணிந்து ரயிலேறிச் செல்பவர்களில் நம் மாணவர்களும் உண்டு. ஏன் மங்கா பிடிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "விறுவிறுப்பாகப் போகும்" என்பதுதான். தமிழ் நாவலைப் பற்றிக் கேட்டால், "ரொம்ப மெதுவாகப் போகும்" என்பார்கள்.

இந்தத் தீர்ப்பு சரியா? இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று, இன்று உலகமெங்கும் இளையோர் விரும்பிப் படிக்கும் ஜப்பானிய மாயாஜால சாகச மங்கா 'ஃபிரீரென்'. மற்றொன்று, கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்'.

தலைவன் இறந்த பிறகு தொடங்கும் சாகசம்

கனெஹிதோ யமாடா கதை எழுத, ட்சுகாசா அபே படம் வரையும் 'ஃபிரீரென்' 2020 ஏப்ரலில் 'ஷோனென் சண்டே' வார இதழில் தொடங்கியது. மறு ஆண்டே ஜப்பானின் 'மங்கா தாய்ஷோ' விருதைப் பெற்றது. 2023 செப்டம்பரில் அனிமே தொடராகவும் வந்தது.

வழக்கமான சாகசக் கதையில் வீரர்கள் ஒன்று சேர்வார்கள், பயணம் போவார்கள், கடைசியில் அரக்கர் தலைவனை வெல்வார்கள். 'ஃபிரீரென்' தொடங்கும்போது இதெல்லாம் முடிந்துவிட்டது. 10 ஆண்டுப் பயணத்தில் அரக்க மன்னனை வீழ்த்திய நால்வர் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுள் ஃபிரீரென் எல்ஃப் இனத்தைச் சேர்ந்த மந்திரவாதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட அவளுக்கு 10 ஆண்டுகள் ஒரு கண்சிமிட்டல். விடைபெற்றுச் செல்கிறாள். 50 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது, தலைவன் ஹிம்மல் கிழவனாகி நிற்கிறான். விரைவில் இறந்தும் போகிறான். அவனுடைய இறுதிச் சடங்கில்தான், இந்த மனிதனைத் தான் அறிந்துகொள்ள முயலவே இல்லை என்று உணர்ந்து ஃபிரீரென் அழுகிறாள்.

இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே நடந்துவிடுகிறது. அரை நூற்றாண்டைச் சில பக்கங்களில் தாண்டும் அதே கதை, அதன் பிறகு நடை தளர்கிறது. ஹிம்மலின் சிலையைச் சுற்றி அவனுக்குப் பிடித்த பூவை நட வேண்டும் என்பதற்காக, அந்தப் பூவைத் தேடி மாதக்கணக்கில் காட்டில் அலைகிறாள் ஃபிரீரென். வாளும் இல்லை, போரும் இல்லை. ஆனால் வாசகர் அங்கே புத்தகத்தை மூடுவதில்லை. ஏன்? முதலில் பறந்துபோன அந்த 50 ஆண்டுகளின் இழப்பை அவர் ஏற்கெனவே உணர்ந்துவிட்டார். வேகமாக ஓடிய பகுதிதான் மெதுவாக நடக்கும் பகுதிக்குக் கனத்தைக் கொடுக்கிறது.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். இந்தக் கதையில் காலம், ஹிம்மல் இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்றே கணக்கிடப்படுகிறது. தலைவன் முதல் அத்தியாயத்திலேயே விடைபெற்றாலும், ஆண்டுக் கணக்கு வரும் இடத்தில் எல்லாம் அவன் நினைவும் வந்துவிடுகிறது.

தாமதமாக வரும் தலைவன்

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில், மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். முதன்மைக் கதை நடக்கும் காலமோ ஓராண்டுக்கும் குறைவு. 'ஃபிரீரென்' அரை நூற்றாண்டை ஓர் அத்தியாயத்தில் அடக்குகிறது என்றால், கல்கி சில மாதங்களை 293 அத்தியாயங்களாக விரிக்கிறார்.

அப்படியானால் இது மெதுவான கதையா? ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனிடம், ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய ஓலைகள் இருக்கின்றன. அன்றிரவே கடம்பூர் மாளிகையில் ஒரு நள்ளிரவுச் சதிக்கூட்டம் அவன் கண்ணில் படுகிறது. ஓலை உரியவர் கைக்குப் போய்ச் சேருமா, சதி வெல்லுமா என்ற கேள்விகள் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகின்றன. அதன் பிறகு கல்கி கோயிலையோ ஏரியையோ எவ்வளவு வருணித்தாலும், அந்தக் கேள்விகள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கின்றன.

இங்கும் தலைவனைப் பாருங்கள். நாவலின் பெயருக்கு உரியவர் அருள்மொழிவர்மர். முதல் பாகம் முழுவதும் அவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அவரை நாம் நேருக்கு நேர் சந்திப்பதோ இரண்டாம் பாகத்தில், இலங்கையில்தான். ஒரு கதையில் தலைவன் சீக்கிரம் போய்விடுகிறான், மற்றொன்றில் தாமதமாக வருகிறான். இரண்டு எழுத்தாளர்களும் செய்வது ஒன்றுதான்: கண்முன் இல்லாத மனிதருக்காக வாசகரை ஏங்க வைக்கிறார்கள்.

பக்கம் புரளும் இடம்

மங்காவுக்கென்று ஒரு கருவி உண்டு. அதை வலமிருந்து இடமாகப் படிக்கிறோம். விரிந்த இரு பக்கங்களில் இடப்பக்கத்தின் கடைசிக் கட்டம்தான், தாளைப் புரட்டுவதற்கு முன் கண்ணில் படுவது. திறமையான ஓவியர் அந்தக் கட்டத்தில் ஒரு காலடியோசையை, திரும்பும் ஒரு முகத்தை வைப்பார். விடை அடுத்த பக்கத்தில், பெரிய கட்டமாக இருக்கும். சிறு கட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் கண் ஓடும். வசனமே இல்லாத ஒரு பெரிய கட்டம் வந்தால் கண் நிற்கும்.

கல்கிக்குக் கிடைத்தது பக்கம் புரளும் இடமல்ல, வாரம் புரளும் இடம். ஒவ்வோர் இதழிலும் கதை நிற்கும் இடத்தில் வாசகருக்கு ஒரு கேள்வியை விட்டுச்செல்வார். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இதழிலிருந்து அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, நூலாக்கி வைத்துக்கொண்டன. இதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, விக்கிரமாதித்தன் வாய் திறந்ததும் மரத்திற்குப் பறந்துவிடும் வேதாளம் இதே வித்தையைச் செய்துகொண்டிருந்தது. 'அடுத்து என்ன?' என்று ஏங்க வைப்பது ஜப்பானியருக்கு மட்டும் கைவந்த கலையல்ல.

வேகம் கெடும்போது

வெற்றி பெற்ற தொடர்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. எய்ச்சிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்' 1997 முதல் வந்துகொண்டிருக்கிறது, 100 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. அதன் தொலைக்காட்சி வடிவம் வாரந்தோறும் ஒளிபரப்பானபோது மங்காவை எட்டிப் பிடித்துவிடும் நிலை வந்தது. அதனால் காட்சிகளை நீட்டினார்கள், ரசிகர்களும் முணுமுணுத்தார்கள். 'டிராகன் பால்' அனிமேயில், இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று சொல்லப்பட்ட கிரகம் பல வாரங்கள் வெடிக்காமல் இருந்தது இன்றும் கேலிக்கு உள்ளாகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மணிரத்னம் 'பொன்னியின் செல்வ'னை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு படங்களாக எடுத்தார். ஐந்து பாகங்கள் சுமார் ஐந்தரை மணி நேரத்தில் அடங்க வேண்டியிருந்ததால், நாவலில் நிதானமாக அறிமுகமாகும் பலர் திரையில் விரைந்து வந்து விரைந்து மறைந்தார்கள். நீட்டினாலும் சுருக்கினாலும், எதற்கு இடம் கொடுக்கிறோம் என்ற முடிவைக் கதைக்குப் பதிலாக வெளியிலிருந்து வரும் நெருக்கடி எடுக்கும்போது வேகம் கெடுகிறது.

உங்கள் கதைக்கு

இது வாசகர்களுக்கு மட்டும் உரிய செய்தியல்ல. வகுப்பில் கதை எழுதுவோருக்கும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி போன்றவற்றிற்கு எழுதுவோருக்கும் வேண்டியது இதுவே. மாணவர் கதைகளில் அடிக்கடி காணும் அமைப்பு ஒன்று உண்டு. காலையில் கடிகாரம் அலறும், பல் துலக்கல், குளியல், பசியாறல் என ஒரு பக்கம் போகும். கடைசிப் பத்தியில் விபத்து, மருத்துவமனை, மரணம், மனம் திருந்தல் எல்லாம் நான்கு வரியில் முடியும். ஓட வேண்டிய இடத்தில் நடக்கிறார்கள், நிற்க வேண்டிய இடத்தில் ஓடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. கிள்ளானில் பாட்டி உடல்நலமின்றி இருக்கிறார். கேஎல் சென்ட்ரலில் கடைசிக் கொமியூட்டர் ரயிலைத் தவறவிடுகிறாள் பேத்தி. காலை முதல் மாலை வரை அவள் செய்தவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ரயில் கதவு மூடும் அந்த நொடிக்கு ஒரு பத்தி கொடுங்கள். பாட்டியின் எண்ணை அழைக்க விரலை வைத்து, எடுத்து, மீண்டும் வைக்கும் தயக்கத்திற்கு இன்னொரு பத்தி கொடுங்கள். பாட்டி பிழைத்தாரா என்பதை உடனே சொல்லாதீர்கள்.

அடுத்த முறை மங்கா படிக்கும்போது கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும். ஓர் அத்தியாயத்தில் எத்தனை நாள் கடக்கிறது, எந்த ஒரு நிமிடத்திற்கு அதிகப் பக்கங்கள் தரப்படுகின்றன என்று குறித்துப் பாருங்கள். 'பொன்னியின் செல்வ'னின் முதல் பத்து அத்தியாயங்களுக்கும் அதையே செய்யுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட அந்த நாவலை மதுரைத் திட்டத்தின் மின்னூலாக இலவசமாகவே படிக்கலாம். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் கடைசியாக எழுதிய கதையை மீண்டும் வாசியுங்கள். எந்தப் பத்தியை ஒரு வரியாக்க வேண்டும், எந்த வரியை ஒரு பக்கமாக்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.