சட்டைப் பையில் ஒரு விளக்கு

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் பிற்பகலில் வார்தா புயல் சென்னையைக் கடந்தது. வேரோடு சாய்ந்த மரங்கள் மின்கம்பிகளையும் சேர்த்தே இழுத்துச் சாய்த்தன. பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோதும் இதே கதைதான். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவருக்கு இத்தகைய இரவுகளில் முதலில் நிற்பது லிப்டு. அடுத்தது தண்ணீர் மோட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டுப் படிகளில் ஏற வேண்டும். ஒரு கையில் டார்ச்சு இருந்தால் மறு கையில் ஒரு குடந்தான். கைப்பேசியின் விளக்கு உதவும் என்பீர்கள். அதையும் கையில்தானே பிடிக்க வேண்டும்? அன்றியும், மின்சாரம் இல்லாத நாளில் அதன் பாட்டரி பேசுவதற்கே வேண்டும்.

சட்டைப் பையிலோ தொப்பி விளிம்பிலோ கவ்வி நிற்கும் கிளிப்பு வைத்த சிறு டார்ச்சு இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. ரிச்சி தெருவில் கேட்டால் பத்து வகை எடுத்துப் போடுவார்கள். டார்ச்சு கட்டைவிரல் அளவுதான். பெட்டி மேல் அச்சிட்ட எண்கள் மட்டும் மிகப் பெரியவை. “1000 லுமென், 200 மீட்டர், 10 மணி நேரம்” என்று ஒரு பெட்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இம்மூன்றும் ஒரே விளக்கில் ஒரே நேரத்தில் கிடைக்குமா? இதற்குக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த பெருக்கல் கணக்கே போதும்.

லுமென் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி பாட்டரியில் உள்ள ஆற்றலிலிருந்துதான் வர வேண்டும். உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்தின் மேல் 500 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் என்று இருந்தால், 0.5-ஐ 3.7-ஆல் பெருக்குங்கள். 1.85 வாட்-மணி. அவ்வளவுதான் கையிருப்பு. சிறிய டார்ச்சில் உள்ள எல்.இ.டி., இழப்புகள் போக, ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் தந்தால் அது நல்ல டார்ச்சு. ஆக மொத்தம் 185 லுமென்-மணி. இதை ஒரு குடம் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளலாம். குழாயை முழுதும் திறந்து 1000 லுமெனாகக் கொட்டினால் 11 நிமிடத்தில் குடம் காலி. பத்து மணி நேரம் வர வேண்டுமென்றால் 18 லுமென்தான் வரும். பெட்டியில் உள்ள முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் ஒன்றாக வாழ முடியாதவை.

அந்த 11 நிமிடமும் உண்மையில் கிடைக்காது. 1000 லுமெனுக்குப் பத்து வாட் மின்சாரம் வேண்டும். அதில் பெரும் பகுதி வெப்பமாகிவிடும். கட்டைவிரல் அளவுள்ள உடல் அவ்வளவு வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்த இயலாது. சென்னையின் காற்று ஏற்கெனவே சூடானது. ஆகவே, ஒழுங்காகச் செய்த விளக்கானால் உள்ளே இருக்கும் சுற்று ஓரிரு நிமிடங்களில் ஒளியைத் தானே குறைத்துவிடும். ஒழுங்கற்றதானால் எல்.இ.டி.யின் ஆயுள் குறையும்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. டார்ச்சுகளை அளப்பதற்கு அமெரிக்காவில் 2009இல் வகுத்த எஃப்.எல்.1 என்னும் தரநிலையைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம் முழுவதும் “எரியும் நேரம்” என்றே கணக்காகும். எனவே, நேர்மையாக அச்சிட்ட “3 மணி நேரம்” கூட மூன்று மணியும் ஒரே வெளிச்சம் என்று பொருள்படாது.

18 லுமென் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு கட்டை செல் போட்டு, 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு மாட்டிய பழைய டார்ச்சு கொடுத்தது ஏறத்தாழ பத்து லுமென்தான். அதை வைத்துக்கொண்டுதான் நம் தாத்தாக்கள் இரவில் வரப்பு மேல் நடந்தார்கள். 20 லுமெனை ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் பரப்பினால் அங்கே விழும் ஒளி சுமார் 25 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென். உச்சி வானத்து முழுநிலா தருவதோ கால் லக்ஸ் அளவுதான். படிக்கட்டு ஏற 25 லக்ஸ் தாராளம்.

மேலும், நம் கண்ணும் ஒரு கருவிதான். இருட்டுக்கு அது முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். கூசும் ஒளி பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். சுண்ணாம்பு அடித்த குறுகலான படிக்கட்டில் 1000 லுமெனைப் பாய்ச்சினால் சுவர் கண்ணைக் கூசவைக்கும். அணைத்த பின் காலடியும் தெரியாது. எனவே, வாங்கும்போது உச்ச ஒளியைப் பார்ப்பதைவிட மிகக் குறைந்த ஒளி எவ்வளவு என்று பார்ப்பதே அறிவுடைமை. அமுக்கியவுடன் குறைந்த ஒளியில் தொடங்கும் டார்ச்சுக்கே என் வாக்கு. மின்னி மின்னி எரியும் விதங்கள் நமக்கு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

“200 மீட்டர்” என்பதையும் பார்த்துவிடுவோம். தரநிலையில் இது ஒளிக்கற்றையின் மையம் கால் லக்ஸாகக் குறையும் தூரம், அதாவது நிலவொளி அளவு. தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதியை நினைவுகூருங்கள். 200-ஐ 200-ஆல் பெருக்கிக் காலால் பெருக்கினால் 10,000. அத்தனை கேண்டெலா ஒளிச்செறிவு கற்றையின் மையத்தில் வேண்டும். அகலமாகப் பரப்பும் சட்டைப்பை டார்ச்சுக்கு அது எட்டாத எண். நமக்குத் தேவையும் இல்லை.

இதை வீட்டிலேயே அளக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மிகுந்ததை ஒற்றி எடுங்கள். முன்புறம் மட்டும் ஒளி பட்டால் அந்த எண்ணெய்ப் பொட்டு கருமையாகத் தெரியும். பின்புறம் மட்டும் பட்டால் வெளிச்சமாகத் தெரியும். இருபுறமும் சமமாகப் பட்டால் மறைந்துவிடும். ஆய்வுக்கூடத்து எரிவிளக்கால் நாம் அறிந்த ஜெர்மன் விஞ்ஞானி பன்சன் 19ஆம் நூற்றாண்டில் கையாண்ட முறை இது. இருட்டறையில் தாளை நிமிர்த்தி வைத்து, ஒருபுறம் 30 செ.மீ. தள்ளி ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். மறுபுறம் டார்ச்சைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். மூன்று மீட்டரில் பொட்டு மறைந்தால், தூரம் பத்து மடங்கு. ஆகவே ஒளிச்செறிவு நூறு மடங்கு. மெழுகுவத்தி ஏறக்குறைய ஒரு கேண்டெலா என்பதால் டார்ச்சு 100 கேண்டெலா. அது நிலவொளி அளவுக்கு எட்டும் தூரம் 20 மீட்டர். மெழுகுவத்தியின் மஞ்சளும் டார்ச்சின் நீலச் சாயலும் வேறாகையால் பொட்டு முற்றிலும் மறையாது. மிக மங்கலாகத் தெரியும் இடத்தைக் கொள்ளுங்கள். டார்ச்சை எரியவிட்டு அரை மணிக்கு ஒருமுறை இதையே செய்தால் எரியும் நேரமும் தெரிந்துவிடும். மூன்று மீட்டர் ஒன்றரை மீட்டரானால் ஒளி கால்வாசி. 95 செ.மீ.க்கு வந்துவிட்டால் பத்தில் ஒன்று.

ஒளியின் நிறத்தையும் சோதிக்க வேண்டும். நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி. என்பது அந்த நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு பூசியதுதான். மலிவான பூச்சில் சிவப்பு குறைவு. குங்குமச் சிமிழைத் திறந்து அந்த ஒளியில் பாருங்கள். செக்கச்செவேல் என்று இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால், அந்த டார்ச்சை நம்பி ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு ஒயர் எது, கறுப்பு எது என்று பிரித்தறிய முயல்வது ஆபத்து.

இனி கிளிப்பு. பிடி இறுக்கமா, விளக்கின் தலை திரும்புகிறதா என்பவை இரண்டும் முக்கியம். தலை திரும்பாத டார்ச்சைப் பையில் செருகினால் அது கூரைக்கும் உங்கள் மோவாய்க்கும்தான் வெளிச்சம் தரும். மாட்டிக்கொண்டு குனிந்து செருப்பு வாரைப் போட்டுப் பாருங்கள். கழன்று விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாட்டும் இடத்திலும் ஓர் அறிவியல் உண்டு. தொப்பி விளிம்பில், கண்ணுக்கு அருகே இருந்து வரும் ஒளி, மேடு பள்ளங்களின் நிழலை அவற்றின் பின்னாலேயே ஒளித்துவிடும்; தெரு சமதளமாகத் தோன்றும். இடுப்புப் பட்டையிலிருந்து சாய்வாக விழும் ஒளியிலோ சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். மழையிலும் அப்படியே. கண்ணருகே விளக்கிருந்தால் துளிகளில் பட்ட ஒளி கண்ணுக்கே திரும்பி வெள்ளைத் திரை போடும். நடக்க இடுப்பு, மீட்டர் பெட்டியைப் பார்க்கத் தொப்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

தேங்கிய வெள்ளத்தில் எந்த டார்ச்சும் தோற்றுவிடும். சாய்வாக விழும் ஒளியில் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டதுபோல் முன்னே தெறித்துவிடும்; உள்ளே போனதைக் களிமண் துகள்கள் சிதறடித்துவிடும். மூடி பெயர்ந்த சாக்கடைக் குழியை 1000 லுமென் காட்டாது. ஒரு கழி காட்டும். அறுந்த மின்கம்பி அருகில் இருக்கக்கூடும் என்றால் கழியும் உதவாது, இறங்கவே கூடாது.

நீர் புகாத் தன்மைக்கு ஐ.பி.எக்ஸ். என்ற குறியீட்டைப் பாருங்கள். 4 என்றால் எப்பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும். சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் கிளிப்பு இரும்பா, துருப்பிடிக்காத எஃகா என்றும் கேட்பது நல்லது. பெசன்ட் நகர்ப் பக்கத்து உப்புக்காற்று முலாம் பூசிய இரும்பை விட்டுவைக்காது.

பல டார்ச்சுகளின் அடிப்புறத்தில் காந்தம் இருக்கும். பீரோவில் ஒட்டும்; பெரும்பாலான எவர்சில்வர் பாத்திரங்களில் ஒட்டாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் இத்தகைய டார்ச்சைச் சட்டைப் பையில் வைக்கலாகாது. வலுவான காந்தம் அக்கருவியின் இயக்கத்தை மாற்றக்கூடும். குறைந்தது 15 செ.மீ. விலகியிருக்க வேண்டும். காந்தம் இல்லாத வகை கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவருக்கென்று வாங்குவோர் அதையே கேட்டு வாங்குக.

லித்தியம் மின்கலத்தை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டியில் வைப்பதும், முழுதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பாதியளவு சார்ஜ் செய்து, நிழலான இடத்தில் மாட்டிவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆயுத பூஜை வருகிறது. அரிவாளையும் ஸ்பானரையும் துடைத்துப் பொட்டு வைக்கும் அன்று இதையும் எடுத்து, முழுதும் சார்ஜ் செய்து, எண்ணெய்ப் பொட்டுத் தாளில் ஒருமுறை அளந்து, சென்ற ஆண்டு குறித்துவைத்த தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.