பட்டம்மாளின் பழைய பாட்டுக்குப் புதிய 'மோஜோ' தேவையா?

காஞ்சிபுரம் தறிகளில் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும்பும், ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. அதை வைத்தே முந்தானையில் மயிலும் மாங்காயும் வந்துவிடுகின்றன. செல்போனில் இருக்கும் பாட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். உள்ளே இருப்பது ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே. அவற்றைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தருவது 'டி.ஏ.சி.' என்ற கருவி. எல்லா செல்போனிலும் சிறிய அளவில் ஒன்று இருக்கிறது. இன்னும் துல்லியம் வேண்டும் என்பவர்கள் தனியாக ஒன்றை வாங்குகிறார்கள்.

அப்படிப் பெயர் பெற்றதுதான் இங்கிலாந்தின் கார்ட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த 'மோஜோ'. சட்டைப்பையில் அடங்கும். அப்போது விலை 399 பவுண்டாக இருந்தது. 2022-ல் 'மோஜோ 2' வந்தது. வந்தபோது அதன் விலை 449 பவுண்டாக இருந்தது.

என்ன வித்தியாசம்?

இரண்டையும் வடிவமைத்தவர் ராப் வாட்ஸ். உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். பழையதில் மூன்று பொத்தான்கள், புதியதில் நான்கு. இப்போதைய செல்போன்களில் இருக்கும் 'டைப்-சி' இணைப்பு புதியதில் சேர்ந்திருக்கிறது. முக்கியமான மாற்றம், ஒலியின் தரம் குறையாமல் கனத்த ஒலியையும் கீச்சொலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி. பழைய மோஜோவில் இது கிடையாது.

பழைய பாட்டுக் கேட்பவர்களுக்கு இது உதவும். காஞ்சிபுரத்தில் 1919-ல் பிறந்த டி.கே.பட்டம்மாளின் ஆரம்பகாலப் பாடல்கள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளில் வந்தவை. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். ஒரு சி.டி. 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியைத் தாங்கும். அந்தக் காலத் தட்டில் அதில் பாதிகூடச் சரியாகப் பதிவாகவில்லை. அதற்கு மேலே கேட்பது பெரும்பாலும் ஊசி உரசும் இரைச்சல். மோஜோ 2-ல் அந்த இரைச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம். அதிகமாகக் குறைத்தால் பாடகியின் சொல் தெளிவும் சேர்ந்து மங்கிவிடும்.

மற்றபடி, பழைய மோஜோ வைத்திருப்பவர்கள் இந்தப் பாடல்களுக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. தட்டில் இல்லாததை எந்த டி.ஏ.சி.யும் சேர்த்துத் தராது. ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இரண்டுமே பயன்படாது. அந்த ஹெட்போனுக்குள்ளேயே டி.ஏ.சி. இருக்கிறது. ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது

பட்டம்மாள் சிறுவயதில் கேட்டுக் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரம் நயினா பிள்ளை (1889-1934) இசைத்தட்டுக்குப் பாடவில்லை. அவருடைய தாளக் கணக்குகளைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குரலை இன்று கேட்க வழியில்லை.

வீட்டுப் பரணில் பாட்டி பாடிய கேசட், கோயில் உற்சவத்தில் பதிவுசெய்த நாதஸ்வரம் என்று ஏதாவது கிடந்தால், பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலாக மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். மோஜோவை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம்.