பிரிவதா? இணைந்திருப்பதா?

நுழையும்முன்

பாகப்பிரிவினையின்போது நிலத்தை அளந்து பங்கிட்டுவிடலாம். பொதுக் கிணற்றையும் வண்டிப்பாதையையும் பங்கிடுவதுதான் கடினம். நாடுகளுக்கும் இது பொருந்தும். 307 ஆண்டுகள் இங்கிலாந்துடன் ஒரே நாடாளுமன்றத்தின்கீழ் வாழ்ந்த ஸ்காட்லாந்து மக்கள், இணைந்திருப்பதா தனிநாடாவதா என்பதைப் போரின்றி வாக்குச்சீட்டால் முடிவு செய்தனர். அவ்வாக்கெடுப்பில் உங்கள் வயதை ஒத்த மாணவர்களும் வாக்களித்தனர். அவர்கள்முன் இருந்த வினா எத்தகையது? விடை காண அவர்கள் எவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது? வாருங்கள், அறிந்துகொள்வோம்.

இணைப்பின் வரலாறு

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் சேர்ந்ததே ஐக்கிய இராச்சியம். இவற்றுள் ஸ்காட்லாந்து பல நூற்றாண்டுகள் தனி அரசரையும் தனி நாடாளுமன்றத்தையும் கொண்டிருந்த நாடாகும். 1603ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் மகப்பேறின்றி மறைந்தார். அவருடைய உறவினரான ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். அரசர் ஒருவரே ஆயினும் நாடுகள் இரண்டாகவே இருந்தன. நாடாளுமன்றங்களும் தனித்தனியே இயங்கின.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், நடு அமெரிக்காவின் பனாமா பகுதியிலுள்ள டேரியனில் ஒரு வணிகக் குடியேற்றத்தை நிறுவ ஸ்காட்லாந்து முயன்றது. நோயும் பசியும் ஸ்பானியரின் எதிர்ப்பும் அம்முயற்சியை வீழ்த்தின. 1700ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டபோது, ஸ்காட்லாந்தின் செல்வர் பலர் தம் முதலீட்டை முற்றிலும் இழந்திருந்தனர். இங்கிலாந்தின் கடல்கடந்த சந்தைகளில் தடையின்றி வணிகம் செய்யும் வாய்ப்பு அவர்களுக்குத் தேவையாயிற்று. அரியணைக்குரிய வாரிசைப் பற்றிய கவலை இங்கிலாந்துக்கு இருந்தது. இவ்விரு தேவைகளும் சேர்ந்து, 1707 மே 1 அன்று இரு நாடுகளையும் பெரிய பிரித்தானியா என்னும் ஒரே நாடாக்கின.

ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது; ஆயினும் தனக்கெனச் சட்ட முறையையும் திருச்சபையையும் கல்வி முறையையும் காத்துக்கொண்டது. அக்காலத்தில் இணைப்பை எதிர்த்து எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எனினும் பொதுமக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. மக்களைக் கேளாமல் செய்யப்பட்ட இணைப்பு அது என்பதை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவற்றின் பொருள் விளங்கும்.

அதிகாரப் பகிர்வு

இருபதாம் நூற்றாண்டில், தன்னாட்சி வேண்டும் என்னும் குரல் ஸ்காட்லாந்தில் வலுப்பெற்றது. 1979ஆம் ஆண்டு தனி மன்றம் ஒன்றை அமைப்பதற்கான பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் 51.6 விழுக்காட்டினர் அதனை ஆதரித்தனர். ஆனால், மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும் என்ற விதி நிறைவேறாததால் அம்மன்றம் அமையவில்லை. 1997இல் மீண்டும் நடந்த வாக்கெடுப்பில் 74.3 விழுக்காட்டினர் தனி நாடாளுமன்றத்தை ஆதரித்தனர். 1999ஆம் ஆண்டு 129 உறுப்பினர்களுடன் எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. கல்வி, நலவாழ்வு, நீதித்துறை முதலியன அதன் பொறுப்பாயின. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம் போன்றவை இலண்டனிலேயே இருந்தன.

2011ஆம் ஆண்டுத் தேர்தலில், தனிநாட்டை நோக்கமாகக் கொண்ட ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 69 இடங்களை வென்று தனிப்பெரும்பான்மை பெற்றது. அதன் தலைவர் அலெக்ஸ் சால்மண்டும் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரூனும் 2012 அக்டோபர் 15 அன்று எடின்பரோவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். பொதுவாக்கெடுப்புக்குச் சட்டவழியைத் திறந்ததோடு, முடிவு எதுவாயினும் மதிப்பதாக இரு அரசுகளும் அதில் ஒப்புக்கொண்டன. பிரிவை விரும்பாத பிரதமரே பிரிவதற்கான வாக்கெடுப்புக்கு இசைந்தமை உலக நாடுகளின் கவனத்தை ஈர்த்தது.

வினாவும் வாக்காளரும்

பொதுவாக்கெடுப்பில் வினாவின் சொற்களே முடிவை மாற்றக்கூடும். "ஸ்காட்லாந்து தனிநாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்னும் பொருளில் கேட்கவே ஸ்காட்லாந்து அரசு முதலில் எண்ணியது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்னும் சொல், 'ஆம்' என்னும் விடையை நோக்கி வாக்காளரைச் சாய்க்கும் எனத் தேர்தல் ஆணையம் கருதியது. ஆகவே, "ஸ்காட்லாந்து தனிநாடாக இருக்க வேண்டுமா?" என்று அவ்வினா திருத்தப்பட்டது. ஒரு சொல்லை நீக்கியதில் எத்துணைப் பெரிய நேர்மை இருக்கிறது பாருங்கள்!

'மக்கள்' என்போர் யார் என்பதும் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாயிற்று. பிறப்பையோ குருதி வழியையோ கருதாமல், ஸ்காட்லாந்தில் வாழ்வதையே அடிப்படையாகக் கொண்டனர். எனவே, ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவருக்கு வாக்கில்லை. சட்டப்படி கிளாஸ்கோவில் குடியிருந்த இந்தியருக்கு வாக்குரிமை இருந்தது. வாக்களிக்கும் வயதும் 18இலிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டது. நாட்டின் எதிர்காலத்தில் நெடுங்காலம் வாழப்போகிறவர்கள் அதனை முடிவு செய்வதிலும் பங்கு பெற வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 16, 17 வயதினருள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தம் பெயரைப் பதிவு செய்தனர்.

இருதரப்பு வாதங்கள்

பிரிய வேண்டும் என்போரின் முதன்மை வாதம் மக்களாட்சி பற்றியது. 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளுள் ஒன்றில் மட்டுமே கன்சர்வேடிவ் கட்சி வென்றது. ஆயினும் அக்கட்சியின் தலைவரே பிரதமரானார். "நாங்கள் தேர்ந்தெடுக்காத அரசு எங்களை ஏன் ஆள வேண்டும்?" என அவர்கள் வினவினர். வடகடலின் எண்ணெய் வருவாய் ஸ்காட்லாந்து மக்களுக்கே பயன்பட வேண்டும் என்றனர். கிளைட் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் நிறுத்தப்பட்டுள்ள அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களை அகற்ற வேண்டும் என்றும் கோரினர்.

இணைந்திருக்க வேண்டும் என்போரும் வலுவான வினாக்களை எழுப்பினர். தனிநாடானபின் எந்த நாணயம் புழங்கும்? பவுண்டைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்றது ஸ்காட்லாந்து அரசு. அதற்கு இசைய இயலாது என்றனர் பிரித்தானியாவின் முதன்மைக் கட்சியினர். பொதுக்கடனில் ஸ்காட்லாந்தின் பங்கு எவ்வளவு? முதியோரின் ஓய்வூதியத்திற்கு யார் பொறுப்பு? ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராகத் தொடர முடியுமா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா? தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டால், ஸ்காட்லாந்துக்கான பொதுச்செலவு நாட்டின் சராசரியைவிட மிகுதி என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். பொதுக் கிணற்றைப் பங்கிடும் சிக்கல் இங்கேதான் எழுந்தது.

முடிவும் ஏற்பும்

2014 செப்டம்பர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 84.6 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 'வேண்டாம்' என்றோர் 20,01,926 பேர், அதாவது 55.3 விழுக்காட்டினர். 'வேண்டும்' என்றோர் 16,17,989 பேர், 44.7 விழுக்காட்டினர். 32 உள்ளாட்சிப் பகுதிகளுள் கிளாஸ்கோ, டண்டீ உள்ளிட்ட நான்கு மட்டுமே பிரிவை ஆதரித்தன.

மறுநாளே சால்மண்ட் தோல்வியை ஏற்று, பதவி விலகப்போவதாக அறிவித்தார். வாக்கெடுப்பின் இறுதி நாள்களில் பிரித்தானியத் தலைவர்கள் கூடுதல் அதிகாரம் தருவதாக வாக்களித்திருந்தனர். 2016ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் வருமானவரி விகிதங்களை முடிவு செய்யும் அதிகாரத்தை எடின்பரோவுக்கு வழங்கியது. ஸ்காட்லாந்து மக்களின் வாக்கெடுப்பின்றி அவர்களின் நாடாளுமன்றத்தைக் கலைத்தல் ஆகாது என்பதையும் அச்சட்டம் பதிவு செய்தது.

தெரிந்து தெளிவோம்

• 1905: சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து நார்வே விலகியது. பொதுவாக்கெடுப்பில் விலகலை ஆதரித்தோர் 3,68,208 பேர். எதிர்த்தோர் 184 பேர் மட்டுமே.
• 1993: செக்கோஸ்லோவாக்கியா பொதுவாக்கெடுப்பின்றி, தலைவர்களின் உடன்பாட்டால் இரு நாடுகளாகப் பிரிந்தது.
• 1995: கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரிவை எதிர்த்தோர் 50.58 விழுக்காட்டினர். தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், பிறர் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர் எனக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது.
• 2006: மாண்டினிக்ரோ பிரிய 55 விழுக்காடு வாக்குகள் தேவை என வரையறுக்கப்பட்டது. கிடைத்தவை 55.5 விழுக்காடு.

காலம் கலைத்த கணக்குகள்

வாக்கெடுப்புக்குப்பின் நிகழ்ந்தவை இருதரப்பினரின் கணக்குகளையும் கலைத்தன. பீப்பாய்க்குச் சுமார் 110 டாலர் என்னும் மதிப்பீட்டில் பிரிவினர் எண்ணெய் வருவாயைக் கணித்திருந்தனர். அவர்கள் வென்றிருந்தால் 2016 மார்ச் 24 அன்று தனிநாடு பிறந்திருக்கும். அவ்வாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் விலை 30 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது.

மறுபுறம், "ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைத்திருக்க வேண்டுமாயின் எங்களுடன் இருங்கள்" என்றனர் இணைப்பினர். 2016 ஜூன் 23 அன்று ஐக்கிய இராச்சியமே ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக முடிவு செய்தது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் அதனை எதிர்த்து வாக்களித்திருந்தும் விலகல் நிகழ்ந்தது. சூழல் மாறிவிட்டதால் மீண்டும் வாக்கெடுப்பு வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் இசைவின்றி அதனை நடத்தும் அதிகாரம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்திற்கு இல்லை என 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின், இணைப்பு மக்களின் விருப்பத்தால் நிலைப்பதா, சட்டத்தின் பிடியால் நிலைப்பதா என்னும் வினா இன்றும் அங்கு எழுப்பப்படுகிறது.

எண்ணிப்பார்க்க வேண்டியது

எண்ணெய் விலையும் ஒப்பந்தங்களும் இரண்டே ஆண்டுகளில் மாறிவிட்டன. ஆதலால், 'பிரிந்தால் செல்வம் பெருகுமா, குறையுமா?' என்னும் கணக்கு மட்டும் இவ்வினாவுக்கு விடையாகாது. கணக்கைப் புறக்கணிக்கவும் இயலாது. ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவருக்கு அது வாழ்வா சாவா என்னும் சிக்கல். ஆயினும் கணக்கினும் அடிப்படையான வினா ஒன்று உண்டு: எவர் ஆண்டாலும் தவறுகள் நேரும், அத்தவறுகளைத் திருத்தும் உரிமை யார் கையில் இருக்க வேண்டும்? அண்டை மக்களுடன் சேர்ந்து திருத்திக்கொள்ளலாம் என நம்புவோர் இணைப்பை நாடுவர். தம் குரல் அங்கு ஏறாது என உணர்வோர் பிரிவை நாடுவர். இருவரின் நிலைப்பாட்டிலும் நியாயம் உண்டு. இருவரும் தம் நாட்டின் நலனையே நாடுகின்றனர்.

ஸ்காட்லாந்து எம்முடிவை எடுத்திருக்க வேண்டும் என்று தொலைவில் இருக்கும் நாம் கூறுவது எளிது. அதன் விளைவைச் சுமப்போர் அங்கு வாழ்வோரே. நாம் அறிந்துகொள்ள வேண்டியது அவர்கள் முடிவெடுத்த முறையை. 1707இல் மக்களைக் கேட்கவில்லை, 2014இல் கேட்டனர். சாயாத வினா, முன்னரே ஒப்புக்கொண்ட விதி, வாழ்வதை அடிப்படையாகக் கொண்ட வாக்கு, தோற்றவரின் ஏற்பு ஆகிய நான்கும் அமைந்ததால், வாக்கெடுப்புக்குப் பின்னரும் இரு தரப்பினரும் ஒரே தெருவில் அண்டை வீட்டாராக வாழ முடிந்தது. பிரிந்தாலும் இணைந்திருந்தாலும் ஒரு மக்கட்கூட்டம் காக்க வேண்டிய செல்வம் இதுவே.

கற்பவை கற்றபின்

1. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்னும் சொல்லை நீக்கியது சரியா? உங்கள் பள்ளிச் சிக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாயாத வினா ஒன்றை அமைத்து வகுப்பில் வாக்கெடுப்பு நடத்துக.
2. "ஒருமுறை எடுத்த முடிவு எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்?" என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
3. 16 வயதினர்க்கு வாக்குரிமை வழங்குவது குறித்த உங்கள் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.